கசிவு இல்லை என்று போட்ட கையெழுத்து

மகளே, இதை நீ அச்சில்தான் படிக்கப்போகிறாய். நேரில் சொல்லலாம் என்றால் வீட்டில் நீ என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது. பழைய மாணவர் மலரைத் தொகுக்கிற தமிழ்த்துறை அக்கா, நம் கல்லூரியில் படித்து நம் கல்லூரிக்கே வேலைக்குத் திரும்பியவர்களைப் பற்றி இந்த வருஷம் ஒரு பகுதி போடுகிறார். "அப்பாவும் மகளும் ஒரே டிபார்ட்மெண்ட்ல வேற யாரு தம்பி இருக்கா? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. மனசுக்கு எதமா எழுதுங்க" என்றார். "நடந்ததத்தான்க்கா எழுதுவேன்" என்றேன். "நடந்ததுல நல்லதா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு இதமாக எழுத வராது என்று உனக்குத் தெரியும். அவர் போட்டால் போடட்டும். போடாவிட்டால் ஜெராக்ஸ் எடுத்துத் துறை நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டிவிடுவேன்.

உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ அதே துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு மாதம். இருபத்திரண்டு வயதில் உன்னைப் பெற்றவன் நான், அதனால் புதிதாக வந்த வாட்ச்மேன் நம்மை அண்ணன் தங்கச்சி என்று நினைத்தார். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லேப் வாசலிலேயே என்னை நிறுத்தினாய். "அப்பா, லேப்ல என்னைய வா போன்னு கூப்பிடாதீங்க. பிள்ளைக சிரிக்குதுக." "அப்ப என்னன்னு கூப்பிட, ஆத்தான்னா?" "மேடம்னு கூப்பிடுங்க." சரி என்றேன். அன்று சாயங்காலம் பைக்கை உதைத்துவிட்டு, "மேடம், ஏறுங்க. கீரனூர் ரயில்வே கேட் போட்ருவான்" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாய். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை எழுதினால் நீ கூசிப்போவாய், விட்டுவிடுகிறேன்.

கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில் நான் பீரோவைத் திறந்து பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று கேஸ் லைன் சோதனைப் பதிவேடு. சிலிண்டர் கொட்டகையிலிருந்து ஒவ்வொரு மேசையின் பர்னருக்கும் போகிற குழாயை மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. பார்த்த பிறகு தேதி, முடிவு எழுதி, டெக்னீஷியன் கட்டத்தில் நானும் பொறுப்பாசிரியர் கட்டத்தில் ஆசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பாசிரியர் கட்டம் மூன்று வருஷமாகக் காலியாகக் கிடந்தது எனக்குத் தெரியும். சனிக்கிழமை அது காலியாக இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நீல மையில் உன் கையெழுத்து. முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அழகான கையெழுத்து என்றுகூட நினைத்தேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட். அன்றைக்கு நீ இங்கே பொறுப்பாசிரியர் இல்லை, எம்.எஸ்ஸி. முதல் வருஷ மாணவி. அதே பீரோவின் கீழ்த் தட்டில் உன் செய்முறை நோட்டு மாதிரிக்காக எடுத்துவைக்கப்பட்டிருந்தது. புரட்டினேன். அதே தேதி. மூன்றாவது மேசையில் நின்று நீ ஒரு உப்பைப் பகுத்தாய்ந்திருக்கிறாய். உன் பதிவுக்குக் கீழே ஆசிரியர் கையெழுத்து. உனக்கு அன்று சோதனைக்குழாய் எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஒரே நாளில் நீ மாணவியாகவும் நிற்கிறாய், பொறுப்பாசிரியராகக் கசிவு இல்லை என்றும் சொல்கிறாய். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மாடி வகுப்பிலிருந்து உன்னைக் கீழே கூப்பிட்டேன். சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். "இது என்ன?" என்றேன். "ஹெச்.ஓ.டி. சார் குடுத்தாருப்பா. காலியா இருக்கிற கட்டத்துலயெல்லாம் போட்ரு ஆத்தா, குழு வருதுன்னாரு." "எத்தன நோட்டு?" "ஆறோ ஏழோ." "தேதியப் பாத்தியா?" நீ எட்டிப் பார்த்தாய். முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் பயந்த மாதிரி இல்லை. "சரி, பாக்காமத்தான் போட்டேன். அதுக்கென்னப்பா இப்ப?" "டெஸ்ட் பண்ணாம எப்படிப் போட்ட?" அப்போது நீ சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. "நீங்க போட்ருந்தீங்களேப்பா. பக்கத்துக் கட்டத்துல ஒங்க கையெழுத்து இருந்துச்சு. நீங்க பாக்காமயா போட்ருப்பீங்க?"

பார்க்காமல்தான் போட்டிருந்தேன். உன்னிடம் அன்று சொல்லவில்லை. இப்போது எல்லாரும் படிக்கவே சொல்கிறேன். ஜனவரியில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் தேதி போட்டு, பன்னிரண்டு தடவை "கசிவு இல்லை" என்று எழுதி, பன்னிரண்டு கையெழுத்தும் போட்டு மூடிவைத்துவிடுவேன். பத்து நிமிஷ வேலை. முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் மேசை மேசையாகக் குனிந்து பார்த்தேன். ஒரு தடவைகூட குமிழி வரவில்லை. வராத ஒன்றை மாதாமாதம் தேடுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. உன் அம்மாவைக் கேள், இட்லி வேகிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தே கெடுப்பவன் நான்.

இதில் பெரிய வெட்கம், வேலை தெரியாமல் இப்படிச் செய்யவில்லை என்பதுதான். நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இரண்டு வருஷம் குழாய் சோதனை வேலைதான் பார்த்தேன். அங்கே பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அங்கே நான் ஒரு நாளும் அப்படிப் போட்டதில்லை. நீ நடை பழகிய வருஷம் ஊருக்கு வந்தேன். என் பழைய பேராசிரியர், இப்போதைய நம் துறைத்தலைவர், குன்றாண்டார்கோவில் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து, "அங்கிட்டு என்னடா பண்ற? லேப்புக்கு ஆள் வேணும், வந்துரு. நம்ம பிள்ள இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன். இது கிறிஸ்தவக் கல்லூரி, நாம் கோயில் கும்பிடுகிற குடும்பம். ஆனால் காலைச் சிற்றாலய ஜெபத்தில் எந்தப் பாட்டின் எந்த அடியில் குரல் ஏறும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். யாரும் நம்மை வேற்றாளாக நினைத்ததில்லை. பரீட்சைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தபோது சாரின் மனைவி கஞ்சி கொண்டுவந்தார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை, மறுத்தால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பட்டறையில் என்னை யாரும் நம்பவில்லை, அதனால் வேலையைப் பார்த்தேன். இங்கே எல்லாரும் நம்பினார்கள், அதனால் விட்டுவிட்டேன். அதை நினைத்தால்தான் எனக்குத் திக்கென்கிறது.

நம் துறையில் பாதிக்குமேல் இங்கேயே படித்துத் திரும்பியவர்கள். பதிவேடுகளை வெளியாட்களிடம் கொடுக்கமாட்டார்கள், நம்மிடம்தான் வரும். அது மரியாதை என்று நினைத்தேன். ஏன் நம்மிடம் வருகிறது என்று யோசிக்கவில்லை. சாருக்கு முன்னால் நாம் இன்னும் முதல் வருஷ மாணவர்கள். எதிரில் உட்காரக்கூட மாட்டோம். அப்படி இருக்கிறவன் "எப்போ சோதித்தோம் சார்?" என்று எப்படிக் கேட்பான்? நீ பன்னிரண்டாவது படிக்கும்போது காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மேடம் வேலைக்கு வந்தார். இங்கே படித்தவர் இல்லை. வந்த வாரமே லேப்பில், அமிலம் தெறித்தால் கண் கழுவுகிற பாட்டில் எங்கே என்று கேட்டார். "இத்தன வருசத்துல யாருக்கும் கண்ணு போகல மேடம்" என்று சார் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். பிறகு அவர் வரும்போதெல்லாம் "கண்ண மூடிக்கங்கடா, பாட்டில் மேடம் வாராங்க" என்று நான்தான் முதலில் சொன்னேன். ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார். அந்தப் பேச்சை நான் வீட்டிலும் சொல்லிச் சிரித்தேன். நீ சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய், நீயும் சிரித்தாய். உனக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்று இப்போது தெரிகிறது.

நீ மாடிக்குப் போன பிறகு, ஒரு மக்கில் சோப்பைக் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷை எடுத்துக்கொண்டு வால்வைத் திறந்தேன். பதிவேட்டில் உள்ளது உண்மைதான் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் போனேன். முதல் மேசை ஒன்றுமில்லை. இரண்டாவது ஒன்றுமில்லை. மூன்றாவது மேசைக்கு அடியில் குழாய் வளைகிற இடத்தில் பிரஷை வைத்தேன். எடுக்கவில்லை, அதற்குள் நுரை பொங்கியது. பச்சைக் குழந்தை வாயில் நுரை தள்ளுவதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்த மேசைப் பிள்ளைகள்தான் அடிக்கடி தலைவலி என்பார்கள். "காலைல சாப்ட்டு வாங்கடி, பசியில தல சுத்தாம என்ன செய்யும்" என்று விரட்டுவேன். அது உன் மேசை. எம்.எஸ்ஸி. இரண்டு வருஷமும் நீ நின்ற மேசை. செய்முறை நாளன்று வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பாய். நான் மாத்திரை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, போனை ரொம்பப் பார்க்கிறாய் என்று திட்டுவேன். அது இந்தக் கசிவால்தானா என்று எனக்குத் தெரியாது. எப்போதிலிருந்து கசிகிறது என்றும் தெரியாது. மாதாமாதம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். ஒரு தீக்குச்சி தவறான நேரத்தில் கீழே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை. அன்றைக்கும் அந்தக் கட்டத்தில் என் கையெழுத்து இருந்திருக்கும்.

வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். "மூணாவது மேசையில லீக் இருக்கு சார். லைன மூடிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "செவ்வாக்கெழம போயிரட்டும்ப்பா. குழு வார்ற நேரத்துல லேப் மூடிக்கெடந்தா என்ன நெனைப்பாக?" "ஸ்பிரிட் விளக்கு வச்சுச் செஞ்சு காட்டலாம் சார்." "ரிஜிஸ்டர்ல லீக் இல்லன்னுதான இருக்கு?" "ஆமா சார். நாந்தான் பாக்காம எழுதினேன்." அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஒம் மகளும் போட்ருக்கா. இன்னும் பெர்மனென்ட் ஆகல. யோசிச்சுக்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். மிரட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தப் பாசத்துக்கு முன்னால்தான் இருபது வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று அங்கே நிற்கும்போது தெரிந்தது.

அன்றே பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்துகள் பொய் என்று எழுதினேன். பொறுப்பாசிரியர் கட்டத்தில் உள்ளவையும் பொய் என்று உன் பெயரைப் போட்டே எழுதினேன். அன்று வீட்டில் நீ பையைக்கூட வைக்கவில்லை. "என்னைய ஏன்ப்பா எழுதுனீங்க? ஒங்களோடத மட்டும் எழுதிருக்கலாம்ல." "ரெண்டு கட்டம் இருக்கு. ஒன்னு பொய்யின்னா இன்னொன்னு மட்டும் நெசமாயிருமா?" "எனக்கு ரெண்டு மாசந்தான்ப்பா ஆச்சு." "ரெண்டு மாசத்துல மூணு வருசத்துக்குப் போட்டுட்டியே." அதற்குப் பிறகு நீ பேசவில்லை. "அப்பனும் மகளும் காலேஜ்ல வச்சு அடிச்சுக்கங்க. இங்கிட்டு சோறு ஆறுது" என்றாள் உன் அம்மா. யாரும் சாப்பிடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நீ பஸ்ஸில் போகிறாய். நான் பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போகிறேன். ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருப்பது தெரியும், திரும்பிப் பார்க்கமாட்டாய்.

நான் கடைசியாகச் சொன்ன அந்தச் சொல் தப்பு. விஷயம் சரி, சொன்ன விதம் குத்தல். உன்னை அந்தக் கட்டத்துக்குக் கூட்டிவந்தவனே உன்னை நக்கல் செய்தால் நீ எங்கே போவாய்? அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உன் பெயரை எழுதியதற்குக் கேட்கமாட்டேன். உன்னை மறைத்திருந்தால், நீ இந்தக் கல்லூரியில் இருக்கிற நாள்வரை என் மகள் என்பதால் தப்பியவளாக இருப்பாய். அடுத்த தடவை சார் நோட்டைக் கொடுக்கும்போது உனக்கு மறுக்க வாய் வராது. எனக்கு வராமல் போனது மாதிரி. இது மட்டும் எனக்கு நிச்சயம். மற்றதெல்லாம் நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியில்லாதவை. வேண்டுமானால் திருச்சியில் வேறு கல்லூரிக்குப் போ, தடுக்கமாட்டேன். இங்கேயே இருந்தால், படித்த இடம் என்பதற்காக யாருக்கும் நின்றுகொண்டு பதில் சொல்லாதே. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து கேள். சார் கோபப்படமாட்டார். கோபப்பட்டாலும் இரண்டு நாள்தான்.

குழு வந்தது. கேஸ் லைன் பதிவேட்டை அவர்கள் கேட்கவே இல்லை. தோட்டத்தைப் பார்த்தார்கள், நூலகத்தைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். பிரின்சிபால் இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தார். உன் பெர்மனென்ட் ஒரு வருஷம் தள்ளிப்போனது. "கேக்காத நோட்டுக்கா இந்தப் பாடு" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்று எண்ணி மனசு வெந்துபோயிருந்தேன். நேற்று வரைக்கும்.

வியாழக்கிழமை திருச்சியிலிருந்து ஃபிட்டர் வந்து மூன்றாவது மேசை வளைவை மாற்றிவிட்டுப் போனார். நேற்றுக் காலை நான் எல்லா மேசையையும் சோப்புத் தடவிப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். பார்த்துத்தான் "கசிவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ வந்தாய். வராந்தாவில் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. "இன்னொரு தடவ பண்ணுங்க. நான் பாக்கணும்." "காலையிலேயே பண்ணிட்டேன் மேடம்." "நான் பாக்கல." பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு மூக்கு விடைத்தது. என்னையா சந்தேகப்படுகிறாய் என்று கேட்க வாய் வந்தது. என்னைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அப்புறம் உறைத்தது. மக்கை எடுத்தேன். நீ சேலையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டிபோட்டு, போன் டார்ச்சை ஒவ்வொரு இணைப்பிலும் அடித்தாய். நான் தடவித் தடவி முன்னால் போனேன். ஆறாவது மேசையில் நீ எழுந்திருக்கவில்லை. "வாங்க மேடம், அடுத்தது" என்றேன். கையைக் காட்டி நிறுத்தினாய். திரும்பி வந்து குனிந்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீ அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நுரையின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி எழுந்தது. பிறகு மிளகளவு. காலையில் அதே இடத்தை நான் இரண்டு எண்ணுவதற்குள் கடந்து போயிருந்தேன்.

"முப்பது எண்ணுற வரைக்கும் பொறுக்க மாட்டீங்களாப்பா?" என்றாய். தலையைத் தூக்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டே.

நீ போய் வால்வை மூடினாய். பிள்ளைகளிடம் ஸ்பிரிட் விளக்கை எடுக்கச் சொன்னாய். பதிவேட்டைத் திறந்து நான் எழுதியதன்மேல் ஒரு கோடு கிழித்து, "ஆறாவது மேசை, கசிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என்னையும் போடச் சொன்னாய். போட்டேன். ஃபிட்டரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வேலை பார்க்கும்போது நீயும் பக்கத்தில் நில். முடிந்துவிட்டது என்று நான் சொன்னால் நம்பாதே.

இதை எழுதியது
உன் அப்பன்,
வேதியியல் ஆய்வகத்திலிருந்து.